ரோஸ்லின் அக்காவின் போன் இன்னும் வைஃபையில் சேர்கிறது

இல்லை, விபத்து இல்லை. தூக்கத்திலேயே... எங்களுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

ரோஸ்லின் அக்கா. எங்கள் கல்லூரி நெட்வொர்க் அறையில் எனக்கு அடுத்த நாற்காலி. போன வாரம் அடக்கம். இன்றுதான் எழுத முடிகிறது.

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி நான் வந்து சேர்ந்தால், "வாங்க தாயார், இப்பத்தான் நடை திறந்தாங்களா?" என்பார். திருச்சி பாலக்கரைக்காரர்; அந்தப் பேட்டைக் குசும்பு.

யாராவது வைஃபை பாஸ்வேர்டை போர்டில் எழுதிவிட்டால் முந்தானையாலேயே அழிப்பார். "மெஷினே அதை வெளிய சொல்றதில்ல. உங்களுக்கு என்னங்க அவசரம்?"

உண்மைதான். பாஸ்வேர்ட் காற்றில் போவதே இல்லை. போனும் ரூட்டரும் ஆளுக்கொரு எண்ணை அனுப்பி, தெரிந்த ரகசியத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் காட்டிக்கொள்ளும். பொருந்தினால் உள்ளே. முகம் பார்ப்பதில்லை.

தேர்வுப் பிரிவில் ஒரு கிழட்டு பிரின்டர். புதிய பாதுகாப்பு முறை அதற்குப் புரியாது என்பதால் மொத்தக் கல்லூரியும் பழைய முறையில். அக்கா அதற்கு வைத்த பெயர் மாமனார். "அவர் ஒருத்தருக்காக வீடே உப்பில்லாம சாப்பிடுது பாரு."

நேற்று மதியம், வைஃபையில் இருப்பவர்களைக் காட்டும் திரையில் அக்காவின் போன்.

நிமிர்ந்தேன். வாசலில் அக்காவின் கணவர், சேவியர் அண்ணா. அக்காவின் குடையை வாங்கிப்போக வந்தாராம். சட்டைப் பையில் டிங், டிங்...

"பாரும்மா, இங்க வந்தாத்தான் பேசுது. வீட்ல வைஃபை இல்ல. டேட்டாவை ஆஃப் பண்ணியே வச்சிருப்பா. லாக்கைத் திறக்காம ஆன் பண்ண முடியல."

லாக் நம்பர் யாருக்கும் தெரியாது. அணைந்துவிடக் கூடாது என்று சார்ஜிலேயே வைத்திருக்கிறார்.

"பாப்பா சென்னை ஹாஸ்டல்லேருந்து இன்னும் அம்மாவுக்குத்தான் மெசேஜ் போடுறா. ஒரு டிக்தான் விழுதுப்பான்னு அழுவுறா... நீ திறந்து குடேன்."

"என்னால முடியாதுண்ணா. அது வேற பூட்டு."

"நெட்வொர்க்லதானம்மா இருக்க நீ?"



அப்போதுதான் ஆபீஸிலிருந்து போன். "இன்னிக்கே பாஸ்வேர்டை மாத்திடும்மா. ஆள் போனா மாத்தணும்னு ரோஸ்லின் போட்ட ரூல்தானே?"

மாற்றினால் இந்தப் போன் இனி சேராது. புதியதை அதில் போட, திறக்க வேண்டும்.

அதைச் சொன்னதும் அண்ணா, "ஒரு நாள் தள்ளிப் போடக் கூடாதாம்மா?" என்றார்.

தள்ளிப் போட்டால் முதலில் திட்டுவது அக்காவாகத்தான் இருக்கும்.

மாற்றினேன். பை அமைதியானது. அண்ணா அதைத் தொட்டுப் பார்த்தார்.

இனி பழைய பாஸ்வேர்ட் எதையும் திறக்காது. யாரிடமும் சொல்லலாம்.

அண்ணாவின் சொந்த போனை வாங்கி ஹாட்ஸ்பாட் போட்டேன். பெயர், எங்கள் கல்லூரி வைஃபையின் பெயர். பாதுகாப்பு, பழைய முறை. பாஸ்வேர்ட், அக்கா வைத்த பழையது. அக்காவின் போனுக்கு இதுவும் கல்லூரிதான்.

டிங்.

"வீட்லயும் வருமா?"

"வரும்ணா. படிக்கத்தான் முடியாது."

"ரெண்டு டிக் விழுந்தா போதும்மா..."

போயிட்டு வாங்க அக்கா.

அண்ணாவை பாலக்கரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, மாமனாருக்குப் புதிய பாஸ்வேர்டைப் போட்டேன்.