ஞானஜோதி கேட்காமல் விட்டது

சாத்தூரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற ஞானஜோதி, 2022 முதல் சட்ட உதவித் தன்னார்வலராகப் பணியாற்றுகிறார். குழந்தைகள் நலக் குழுவின் முன் நிற்கும் பெற்றோருக்கு மனு எழுதித் தருவதும் சான்றுகளைத் திரட்டுவதும் அவர் வேலை. இதுவரை பத்தொன்பது கோப்புகள். அவற்றுள் ஏழாவதை மட்டும் அவர் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறார்.

ஏழாயிரம்பண்ணைக்கு அருகே ஒரு பட்டாசு ஆலையில் ஆய்வு நடந்தபோது, முருகம்மாளின் பதினொரு வயது மகள் பாண்டிலட்சுமி தாயின் பக்கத்தில் அமர்ந்து திரி அடுக்கிக்கொண்டிருந்தாள். அதிகாரிகள் கேட்டால் என்ன சொல்வதென்பது அங்குள்ள பெண்களுக்கு மனப்பாடம். பள்ளி விடுமுறையில் தாயோடு வந்திருந்த சிறுமிக்கு மட்டும் அது தெரியாது.

"இது ஆரு பிள்ளைன்னே தெரியாதுங்கய்யா" என்றார் முருகம்மாள். அது அவ்வாறே பதிவாயிற்று. கீழே அவர் கையெழுத்தும் இட்டார். சிறுமி விருதுநகரில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பப்பட்டாள்.

மறுநாள் முருகம்மாள் ஞானஜோதியின் வீட்டு வாசலில் நின்றார்.

"நர்சம்மா, பெத்த பிள்ளையப் பாக்க விட மாட்டேங்காக."

"தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டது ஆரு? நானா?"

"அப்படிச் சொன்னா விட்டுட்டுப் போயிருவாகன்னு நெனச்சேன்."

"விட்டுட்டுத்தான் போனாக, உன்னைய."

பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கைப் பதிவின் நகல் என அனைத்தையும் ஒன்பது நாள்களில் ஞானஜோதி சேர்த்துவிட்டார். இடையில் முருகம்மாள், "ஞாயித்துக்கெழமை ஒருதரம் பாத்துப் பேச மட்டும் கேட்டு வாங்கித் தாங்களேன்" என்று கெஞ்சினார்.

"தாயின்னு காட்டாம எப்படி விடுவாக? மொதல்ல காகிதம் சேரட்டும்."

இல்லத்துப் பணியாளர் முன்னிலையில் சந்திக்க அனுமதி கோரி ஒரு மனு எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

விசாரணையில் சான்றுகள் எல்லாம் ஏற்கப்பட்டன. பின்னர், அம்மாவோடு போக விருப்பமா என்று சிறுமியிடம் கேட்டனர். பாண்டிலட்சுமி தரையைப் பார்த்தபடி, "அவுகளுக்குத்தான் என்னைய ஆருன்னே தெரியாதே" என்றாள்.

வழக்கு ஒரு மாதம் தள்ளிப்போயிற்று; அதுவரை ஞாயிறுதோறும் மகளைப் பார்க்கத் தாய்க்கு அனுமதி கிடைத்தது. முதல் மூன்று ஞாயிறுகளிலும் தாய் கொண்டுபோன காராச்சேவை மகள் தொடவில்லை. நான்காம் ஞாயிறு ஒரு வாய் தின்றாள். அடுத்த விசாரணையில் வீட்டுக்குப் போக இசைந்தாள்.

"என்ன எழுதியிருக்குன்னு வரிவரியாப் பாத்தேன். அந்தப் பிள்ளை காதுல என்ன விழுந்துச்சுன்னு கேக்காமப் போனேனே" என்று சொல்லி ஞானஜோதி கோப்பை மூடினார். இப்போது எந்தக் கோப்பிலும் அவர் எழுதும் முதல் மனு, பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்பது.