ஹாட் ஸ்பிரிங்ஸில் ஒரு துண்டுப் போர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதை ஒருவரும் நம்பப் போவதில்லை.

இன்று ஹாட் ஸ்பிரிங்ஸ் தேசியப் பூங்காவில், வெந்நீர் ஊற்றுக் குழாயடியில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு, கேன் எடுக்கக் காருக்குப் போனேன். மாமனார் தலை தீபாவளிக்குத் தந்த ஜரிகைத் துண்டு.

திரும்பி வந்தால், மலைபோல் ஒரு வெள்ளைக்காரர் அதில் தன் நாயைத் துவட்டுகிறார்!

பாய்ந்தேன். என்னைத் தூக்கிக் கொதிநீரில் எறிந்தார். வெந்த உடம்போடு எழுந்து, அவர் தாடியைப் பிடித்துச் சுழற்றி டெக்சஸ் எல்லையில் வீசினேன். பற்கள் பறந்தன. ரத்தத்தில் ஊற்றே சிவந்தது.

"எங்கப்பா குடுத்த துண்டு எங்கங்க?" என்று காரிலிருந்து மனைவி கேட்டாள்.

சண்டை பொய். "தேங்க்ஸ் ஃபார் த டவல், சார்" என்று துண்டோடு கிளம்பினார் அவர். "வெல்கம்" என்றேன் நான். நாயைத் துவட்டியது மட்டும் நிஜம்.

பேர்லேண்டில் உள்ள எங்கள் வீடு வரை ஏழு மணி நேர டிரைவ். அவளிடம் என்ன சொல்ல? அனுபவஸ்தர்கள் உடனே எழுதவும்.