கைதிக் கப்பல் நோய்

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நான் அதிகம் படித்தவன் அல்ல. அதைவிட, வாசிக்கிறவர்கள் தப்பாக விளங்கிக்கொண்டால் என் மகளுக்கு நோகுமே என்ற பயம்தான் கையைத் தடுத்தது. ஆனாலும் நேர்த்தி (சாமிக்கு வைக்கும் வேண்டுதல்) வைத்துச் சாப்பாட்டை ஒறுக்கிற ஆட்கள் எங்களுக்குள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் அறிகுறி திருநீற்றில் தெரிந்தது. ஒருநாள் காலை குளித்துவிட்டு முன்கையில் மூன்று குறி இழுத்தபோது நடுக்குறி சிவந்தது. அந்த இடத்தில் ஒரு பழைய தழும்பு. லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் உணவகம் ஒன்றில் வேலை செய்தேன். அங்கே இறைச்சி சீவும் இயந்திரம் கிழித்தது. தையல் போட்டு ஆறி முப்பது வருடத்துக்கு மேல். அது புதுக்காயம்போல வாய் திறந்திருந்தது.

அதற்கு முன்பே முரசு (பல் ஈறு) வீங்கி இரத்தம் வரும். காலில் கறுத்த புள்ளிகள். பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடியுமுன்னே முழங்கால் மடங்கும். வயது போகிறது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் குடும்ப டொக்டர் இரத்தப் புற்றுநோயோ என்று சந்தேகித்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். வாட்டில் இருந்த டொக்டர் தமிழ்நாட்டுப் பிள்ளை. கையைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், பிறகு கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"அங்கிள், தினமும் என்ன சாப்பிடுறீங்க?"

"ஒரு நேரம் சோறும் பருப்பும். இரவில காய்ச்சின பால்."

"பழம், காய்கறி?"

"விட்டிட்டன். நேர்த்தி."

என் மகள் தர்சினிக்கு மூன்று தடவை கரு தங்கவில்லை. மூன்றாவது போன பிறகு, அவளுக்கு ஒரு பிள்ளை உயிரோடு பிறக்கும்வரை பழம், மரக்கறி, புளிப்பு எதையும் நாக்கில் வைப்பதில்லை என்று முருகன் சந்நிதியில் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வருடம் தாண்டிவிட்டது. அப்போது தர்சினிக்கு ஏழாம் மாதம்.

டொக்டர் சொன்ன பெயர் ஸ்கர்வி (உயிர்ச்சத்து சி இல்லாமற் போவதால் வரும் நோய்). "நான் இதப் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன் அங்கிள். அந்தக் காலத்துல மாசக்கணக்கா கப்பல்ல போனவங்களுக்கு வரும். நாடு கடத்துன கைதிங்களுக்கு எல்லாம்," என்றார். மாத்திரை எடுத்தால் தேறிவிடும், விட்டால் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து ஆளே போகலாம் என்றார்.

மாத்திரையை வாயில் வைத்தேன். புளித்தது. துப்பிவிட்டேன்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சருங்கோ, முருகன் உங்களிட்டப் பல்லைக் கேட்டவரே?"

"நீ சும்மா இரு. ஏழு மாதம் ஆச்சுது. இன்னும் கொஞ்ச நாள்தானே."

"ஓம், ஓம். பிள்ளை வந்து தாத்தா எங்கையெண்டு கேட்டால் படத்தைக் காட்டுறன்."

அடுத்த நாள் தர்சினி வந்தாள். இங்கே பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"அந்தக் கைதியள் இந்த லண்டன் ஆத்து வழியாலதான் போனவை அப்பா. ஆத்தங்கரையில, வூலிச்சில, பழைய கப்பலுகளில அடைச்சு வச்சு, பிறகு அவுஸ்திரேலியாவுக்கு."

துணி களவெடுத்தவன், ஆடு களவெடுத்தவன், எல்லாரையும் கீழ்த்தட்டில் இருட்டுக்குள் போட்டார்களாம். உப்பு இறைச்சியும் கல்லுப்போல பிஸ்கட்டும்தான் சாப்பாடு. ஆரம்பகாலப் பயணம் ஒன்றில், சங்கிலியில் பக்கத்தில் கிடந்தவன் செத்தால் வாய் திறக்க மாட்டார்களாம். செத்தவனின் பங்குச் சாப்பாடும் வரட்டும் என்று, அந்த உடம்போடு கிடப்பார்களாம்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர்கள் ஒரு வாய்க்காக அப்படிக் கிடந்தார்கள். நான் கிடைத்ததைத் துப்பிவிட்டுக் கிடக்கிறேன்.

"பிறகு கப்பலுக்கு ஒரு டொக்டரைப் போட்டவை. லெமன் ஜூஸை ஒவ்வொருத்தனும் அவற்ற கண்ணுக்கு முன்னால குடிக்கவேணும். ஒளிச்சு ஊத்த ஏலாது." அவள் பிளாஸ்கைத் திறந்தாள். தோடம்பழச் சாறு (ஆரஞ்சு). "இண்டைக்கு நான்தான் அந்த டொக்டர். குடியுங்கோ."

"நேர்த்தியை முறிச்சு உனக்கு ஏதும் நடந்தால், மகள்?"

"எனக்காகச் சாகச் சொல்லி நான் கேட்டனானே? இட்ஸ் நொட் ஃபெயர், அப்பா." அழுதுவிட்டாள்.

முருகா என்று சொல்லிக் குடித்தேன். முரசு எரிந்தது. கடைசித் துளி இறங்கும்வரை அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தேறினேன். இரத்தம் நின்றது, கால் நிமிர்ந்தது, தழும்பு மெல்ல மூடியது.

எட்டாம் மாதத்தில் தர்சினியின் வயிற்றில் அசைவு நின்றது. பெண்பிள்ளை. நஞ்சுக்கொடி (தாயிடமிருந்து பிள்ளைக்குச் சத்துக் கொண்டுபோவது) தொடக்கத்திலிருந்தே சரியாக வளரவில்லை என்று டொக்டர்மார் பரிசோதித்துச் சொன்னார்கள். நான் பழச்சாறு குடிக்க முன்னரே அது அப்படித்தான் இருந்திருக்கிறது.

அவள் கட்டிலருகே தலை குனிந்து நின்றேன். அவளே என் கையைப் பிடித்தாள்.

"ஜூஸை யோசிக்கிறியள் என்ன? யோசிக்காதேங்கோ அப்பா. நான்தான் தந்தனான். திரும்பவும் தருவன்."

கோவிலுக்கு இன்றும் போகிறேன். சில நாள் கும்பிடுவேன், சில நாள் சண்டை பிடிப்பேன். அவர் இரண்டையும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

தழும்பைப் பற்றி அந்தத் தமிழ்நாட்டு டொக்டரிடம் கேட்டேன். தழும்பு ஒருமுறை மூடினால் முடிந்துபோவதில்லையாம். கொலாஜன் (தோலைக் கட்டி வைத்திருக்கும் நார்ப்பொருள்) தேயத் தேய உடம்பு ஓயாமல் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கிறதாம். கட்டுவதற்குச் சத்து இல்லாவிட்டால் முப்பது வருடத்துக் காயமும் நேற்றைய காயம்தான். அந்தக் கைதிகளுக்கும் சின்ன வயதில் பட்ட காயமெல்லாம் நடுக்கடலில் திறந்திருக்கும். அதற்குப் பிறகு, எதையும் ஆறிவிட்டது என்று நான் சொல்வதில்லை. இன்றைக்கு மூடியிருக்கிறது என்பேன். தர்சினி சிரிக்கும்போதும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

வாசிக்கிறவர்கள் இதை நேர்த்திக்காரருக்குச் சொல்லுங்கள். எழுதியபடியே சொல்லுங்கள். அப்பன் நேர்த்தியை முறித்ததால் பிள்ளை போனது என்று சேர்க்காதீர்கள். நான் பிழைத்ததை மட்டும் சொல்லி, அந்தப் பெண்குழந்தையை விட்டுவிடவும் வேண்டாம். இரண்டும் நடந்தன. ஒன்றுக்குப் பிறகு ஒன்று நடந்தது, அவ்வளவுதான்.