ஷேடு பார்த்து அடுக்கிய பாறைகள்

செல்போனில் கேமரா வந்திராத நாட்களில் நான் ஜியாலஜி படித்தேன். அரியலூர்ப் பக்கம் இரண்டு குவாரிகளில் அடுக்கடுக்காக எடுத்த கற்களுக்குச் சாக்பீஸில் நம்பர் போட்டு, திருப்பூர் வீட்டு மொட்டைமாடியில் குவாரிக்கு ஒரு வரிசையாகப் பரப்பினேன். இந்தக் குவாரியின் எந்த அடுக்குக்கு அந்தக் குவாரியில் எது ஜோடி என்பதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போனேன்.

காலையில் இரண்டு வரிசைகளும் அச்சு அசலாகப் பொருந்தின. அடியில் கறுப்பு, மேலே போகப்போக வெளுப்பு. நம்பரைப் பனி அழித்துவிட்டது என்று நினைத்து, என் மூளையை நானே மெச்சிக்கொண்டு படம் வரைந்து கொடுத்துவிட்டேன்.

பேராசிரியர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, மேல வர வர பூமிக்குச் சாயம் போயிருச்சா?"

வீட்டுக்கு வந்து, கல்லைத் தொட்டது யார் என்று கத்தினேன். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் துணியின் நிறம், அதாவது ஷேடு, மாறாமல் பார்க்கும் செக்கிங் வேலை. அவர் அசரவே இல்லை.

"வெடியால அஞ்சு மணிக்குத் துணி காயப்போட வந்தேன் கண்ணு. கல்லெல்லாம் ஷேடு மாறி மாறிக் கெடந்துச்சு. கழுவி, ஷேடு பாத்து அடுக்கி வெச்சேன்."

"அது பல கோடி வருஷத்து வரிசைம்மா!"

"அத்தன வருசமா அதைய ஒருத்தரும் செக்கிங் பாக்கலையாக்கும்?"