நடுக்கோடு வளைந்த நடுவர்

புகைப்படப் போட்டிக்கு நடுவராகப் போவதும் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கப் போவதும் ஒரே தொழில்தான். எவனும் திருப்தியாக எழுந்து போகமாட்டான். கோலப் போட்டி, பாட்டுப் போட்டி, பேச்சுப் போட்டி என்று எதற்காவது மார்க் போட்டுவிட்டு வசவு வாங்கியவர்கள் உங்களில் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் புகைப்படச் சங்கம் வருஷா வருஷம் நடத்தும் போட்டிக்கு நானும், என் பழைய சிநேகிதன், ஓய்வுபெற்ற ட்ராயிங் மாஸ்டர் கலியபெருமாளும் நடுவர்கள். இந்த வருஷம் தலைப்பு கொடுத்தவன் நான். சமச்சீரும் சமநிலையும். அதே வருஷம் பார்த்து என் வலது கண்ணுக்கு நேர்க்கோடெல்லாம் வளைய ஆரம்பித்தது. கோணல் படத்திலா, கண்ணிலா? ஒவ்வொரு படத்தையும் எடுக்கும்போது இதே சந்தேகம். வெளியே சொல்லவில்லை. சொன்னால் தோற்றவனெல்லாம் வாசலில் வந்து நிற்பான். கண் போய்விடுமோ என்கிற பயம் அதற்கும் கீழே தனியாக இருந்தது.

சமச்சீர் என்றால்

தலைப்பை அறிவித்த மறுநாளே படங்கள் வந்து குவிந்தன. திறந்து பார்த்தால் பாதிக்குப் பாதி பள்ளிக்கூடப் பாடப்புத்தகம். அடுக்கி வைத்த புத்தகம், விரித்து வைத்த புத்தகம், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பிள்ளை. நம் ஊரில் சமச்சீர் என்றாலே கல்வி என்றுதான் காதில் விழும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கலியபெருமாள் அந்தப் படங்களை மட்டும் தனியாக அடுக்கி என் பக்கம் தள்ளினான். தலைப்பு யாருடையது என்பது அவனுக்குத் தெரியும்.

உளுந்தூர்பேட்டைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை நாலு கோணத்தில் எடுத்து அனுப்பியிருந்தார். போன் செய்தேன். சமச்சீர் என்றால் நடுவில் கோடு கிழித்தால் இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கமும் இருக்கவேண்டும், உங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தையாவது நேரே நின்று எடுத்து அனுப்புங்கள் என்றேன். அவர் சொன்னார்:

"அது சரியா வரும் சார். இந்தப் பக்கமும் ஓடு ஒழுவுது, அந்தப் பக்கமும் ஒழுவுது."

புகைபோக்கி

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைப் புகைபோக்கியை ஒரு பையன் எடுத்திருந்தான். நட்ட நடுவில் புகைபோக்கி. இரண்டு பக்கமும் கரும்பு டிராக்டர்கள், வரிசை பிசகாமல். நல்ல படம். ஆனால் புகைபோக்கி நடு இடுப்பில் வலப்பக்கமாகப் பிதுங்கிக்கொண்டு நின்றது. லென்ஸ் கோளாறு என்று மார்க்கை வெட்டினேன். வெட்டியதோடு விடாமல் அவனைப் போனில் கூப்பிட்டுத் திட்டவும் செய்தேன். படம் நேராகத்தான் இருக்கிறது என்று அவன் சத்தியம் செய்தான். வைத்துவிட்டேன்.

சாப்பிட எழுந்தபோது பார்க்கிறேன், என் வீட்டுக் கதவு நிலையும் அதே இடத்தில் பிதுங்கியிருக்கிறது. ஜன்னல் கம்பியும் அப்படியே. வலது கண்ணை மூடினேன், எல்லாம் நேராயிற்று. திறந்தேன், பிதுங்கிற்று. சோறு இறங்கவில்லை. வெட்டிய மார்க்கைத் திரும்பப் போட்டேன். பையனைக் கூப்பிட்டுப் படம் சரிதான் என்றேன். ஏன் சார் என்றான். அதற்கும் போனை வைத்துவிட்டேன். என் மனைவியிடம் மட்டும், செவுரு கோணலாக இருக்கிறதா பார் என்று கேட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"வூட்டுல எல்லாம் நேராதான் கீறுது. நீங்கதான் எதப் பாத்தாலும் கோணலாப் பாத்துகினு இருப்பீங்க, இது இன்னா புதுசா?"

கட்டம் போட்ட அட்டை

கண் டாக்டர் சின்னப் பெண். மருந்து விட்டு, விளக்கு அடித்து, நெடுநேரம் பார்த்தார். பேசாமல் பார்க்கிற டாக்டரைப் போலப் பயமுறுத்துகிறவர் யாருமில்லை. விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறது, புதுச்சேரிக்குப் போய்க் கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், தள்ளிப்போட்டால் நடுப்பார்வை போய் ஓரம் மட்டும்தான் மிஞ்சும் என்றார்.

கண்ணுக்குள் ஊசி. அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. போட்டி முடிவை அறிவித்துவிட்டுப் போகிறேன் என்று எழுந்தேன். சாக்குதான். அவருக்கும் தெரிந்திருக்கும். தினமும் வீட்டில் ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லி, சின்னச் சின்னக் கட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் போட்ட அட்டையைக் கையில் கொடுத்தார். பார்த்தேன். நடுவில் கோடெல்லாம் குழைந்து கிடக்கிறது, அச்சடித்தவன் கவனமில்லாதவன் என்றேன். தொழில் புத்தி. அவர் சிரிக்கவில்லை:

"அய்யா, இது போட்டிக்கு வந்த படம் இல்லைங்க. மார்க் போடாதீங்க. புள்ளி தெரியுதா, தெரியலையா, அத மட்டும் சொல்லுங்க."

இரட்டையர்

அதன் பிறகு இடது கண்ணால் மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். அதிலும் நிம்மதி இல்லை. தியாகதுருகத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர் அனுப்பிய படத்தில், கிணற்று மேட்டில் இரண்டு இளைஞர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒரே முகம், ஒரே சட்டை, ஒரே சிரிப்பு. பின்னாலிருந்த தென்னை கூட இரண்டு. பாதிப் படத்தை எடுத்துக் கண்ணாடியில் திருப்பியதுபோல ஒட்டிவிட்டால் இப்படித்தான் வரும். போனிலேயே செய்யலாம். ஆனால் அடித்துச் சொல்லப் பயம். ஒருத்தனுக்குச் சட்டைப்பை இடது மார்பில் இருந்தது. இன்னொருத்தனுக்கு வலது மார்பில். இதுவும் என் கண் செய்கிற வேலையோ? மனைவியைக் கூப்பிட்டுக் காட்டி, பை எந்தப் பக்கம் என்று கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் போனை எடுத்தேன்.

யாரிவர்கள் என்றேன். அக்கா பிள்ளைகள், இரட்டை என்றார். சரி, ஒருத்தனுக்கு மட்டும் சட்டைப்பை வலது பக்கம் ஏன் இருக்கிறது என்றேன். உடனே பதில் வந்தது:

"அவனுக்கு இடது கை பழக்கம் சார்."

பலாமரம்

சமநிலை என்கிற இரண்டாவது பாதியை யாரும் கண்டுகொள்ளவே இல்லை, ஒரு படத்தைத் தவிர. வெள்ளிமலையில் டீக்கடை வைத்திருக்கும் செல்வி போனில் எடுத்தது. இடப்பக்கம் பெரிய பலாமரம், நடுவை ஒட்டி. பிறகு காலியாகச் சாமைக் காடு. வலது ஓரத்தில், விளிம்பைத் தொட்டுக்கொண்டு, சிவப்புச் சேலையில் ஒரு பெண். கடுகளவு. கலியபெருமாள் படத்தின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தான். இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, இதற்கு எப்படி மார்க் போடுவது என்றான்.

ஸ்கேலைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஏறி இறங்கும் சீசாப் பலகையில் குண்டுப் பையன் நடுவுக்குக் கிட்டே உட்காருவான், ஒல்லிப் பையன் கடைசி ஓரத்தில் உட்காருவான், பலகை நேராக நிற்கும். அவ்வளவுதான், இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் சமச்சீர், வேறுவேறாக இருந்தும் விழாமல் நின்றால் சமநிலை என்றேன். சிவப்பை விரலால் மூடிக் காட்டினேன். படம் இடது பக்கமாகச் சாய்ந்தது. விரலை எடுத்தேன். நிமிர்ந்தது. அவன் மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தான். ஒத்துக்கொண்டான், அவன் பாணியில்:

"சரிய்யா. ஆனா ஒல்லிப் பையன் நடுவுல எறங்கிப் பூட்டான்னா குண்டுப் பையன் பல்லு ஒடையும். நீதான் பதில் சொல்லணும்."

மலை மேலே

பரிசளிப்பை வெள்ளிமலையில் ஒரு கூடத்தில் வைத்திருந்தார்கள். ஜீப்பில் போனோம். கொண்டை ஊசி வளைவு வந்தபோதெல்லாம் எனக்கு ஒரு ஆறுதல். அங்கே கோடு வளைவது நியாயம்.

படங்களைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். முதல் பரிசுக்குப் புகைபோக்கியும் பலாமரமும் மோதின. கூட்டம் வருவதற்குமுன் பலாமரத்துக்கு எதிரே நின்று இடது கண்ணை மூடினேன். மரம் இருந்தது. காடு இருந்தது. அந்தப் பெண்ணை நேராகப் பார்த்தேன். அவள் இல்லை. சேலையும் இல்லை. அந்த இடத்தில் ஈரக்கையால் துடைத்தது போல ஒரு கறை. பார்வையை மேலே தூக்கினால் கீழே அவள் மங்கலாக வருகிறாள். பார்க்கப் போனால் போய்விடுகிறாள். கோடு வளைந்த வரைக்கும் ஏதோ சமாளித்தேன். ஆளையே காணோம் என்றால் என்ன செய்ய?

என்னய்யா கண்ணை மூடி மூடித் திறக்கிறே என்று கலியபெருமாள் வந்தான். சொல்லிவிட்டேன். கதவு நிலை, ஊசி, பயம் எல்லாவற்றையும். அவனுக்குக் கோபம் வரும், நடுவரை மாற்றச் சொல்வான் என்று நினைத்தேன். அவன் படத்தையும் என்னையும் பார்த்தான். நாளைக்கு முதல் பஸ்ஸில் புதுச்சேரி, தானும் வருவதாகச் சொன்னான். இன்றைக்கு மார்க் போடலாமா, வேண்டாமா என்று கேட்டேன்.

"ரெண்டு நடுவருக்கு நாலு கண்ணு. மூணு வேலை செய்யுது. நம்ம சங்கத்துக்கு அதுவே ஜாஸ்தி, போடு."

ஓரத்தில் நின்றவர்

பலாமரத்துக்கே முதல் பரிசு. புகைபோக்கிக்கு இரண்டாவது. மேடையில் பேசச் சொன்னார்கள். பேச எனக்குப் பிடிக்காது. அந்த ஓரத்துப் பெண் இல்லாவிட்டால் இந்தப் படம் இல்லை, அவரை அங்கே நிறுத்தத் தோன்றியதே, அதற்குத்தான் பரிசு என்று சொல்லி முடித்தேன். சொல்லும்போது படத்தின் பக்கம் திரும்பவில்லை. காரணம் கலியபெருமாளுக்கு மட்டும் தெரியும். செல்வி மேடையேறிக் கேடயத்தை வாங்கிக்கொண்டு, என் காதருகே குனிந்து சொன்னார்:

"நான் எங்கீங்க நிறுத்துனேன்? அது எங்க அத்தை. போட்டோவுல வுழக்கூடாதுன்னு ஓரமா ஒதுங்கிச்சு."

எந்தப் பக்கம்

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காத்திருந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கண் மாறிப்போகாமலிருக்க, எந்தக் கண்ணுக்கு ஊசியோ அதன் புருவத்துக்கு மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே வந்தார் நர்ஸ். எனக்கு ஒட்டியதும் பதறிவிட்டது. எதிரே நிற்கிறவருக்கு என் வலது இடதாக அல்லவா தெரியும்? கண்ணாடிப் படத்துக்காரனிடம் பட்ட பாடு ஞாபகம் வந்தது. வலதுதானே, உங்கள் வலதா, என் வலதா என்று கேட்டேன். திரும்பவும் கேட்டேன். கலியபெருமாள் என் முழங்காலை அழுத்தினான். நர்ஸுக்கு வயது கம்மி. பொறுமை அதைவிடக் கம்மி:

"தாத்தா, உங்க கையால தொட்டுப் பாருங்க. ஸ்டிக்கர் எங்க இருக்குதோ அதான் உங்க வலது. அதுவும் சந்தேகமா?"

விரல்

ஊசி வலிக்கவில்லை. அதற்குமுன் இருந்த பயம்தான் வலித்தது. மறு மாதம் திரும்பப் போனேன். கட்ட அட்டையில் புள்ளி தெரிந்தது. கோடுகள் இன்னும் நெளிந்தன, முன்னைக்கு இப்போது கம்மி. இது நிஜமா, என் ஆசையா என்று எனக்கே நிச்சயமில்லை. ராத்திரி முழுக்க ஒரு கண்ணை மூடி மின்விசிறி இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பேச்சை எப்படி நம்புவது?

அங்கே இருந்தவர் வயதான டாக்டர். இடது கண்ணை மூடச் சொல்லிவிட்டு எதிரே கையை உயர்த்தி, எத்தனை விரல் என்றார். இரண்டு என்றேன். எப்படி இருக்கிறது என்றார். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒன்று நேராக இருக்கிறது, இன்னொன்று நுனியில் கோணலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். ஊசி பலிக்கவில்லை, அவ்வளவுதான் என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் கையை இறக்கவில்லை:

"நல்லா பாத்துச் சொன்னீங்க. அது சின்ன வயசுல கிரிக்கெட் பந்து பட்டு ஒடைஞ்ச விரல்."

கோணல் இருக்கிற இடத்தில் கோணலைக் கண்டு கண்ணீர் விட்ட நடுவர் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.