ஷார்ஜாவில் கம்பளிக் குல்லா

கோத்தகிரியில் எங்கள் வீட்டில் மின்விசிறி கிடையாது. தெருவில் யார் வீட்டிலும் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன், ஷார்ஜாவில் ஒரு பெயின்ட் கடையில் ஸ்டோர் கீப்பராக ஒன்பது கோடைகளைத் தள்ளினேன் என்றால் இன்றைக்கும் எனக்கே நம்பச் சிரமமாக இருக்கிறது.

அங்கே முதலில் கற்க வேண்டியது குளியல். மே மாதம் பிறந்துவிட்டால் மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கும். குழாயைத் திறந்தால் கை பொத்துப் போகும். அதனால் ஹீட்டரை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைத்தான் திறக்க வேண்டும். ஹீட்டர் குளியலறைக்குள் இருப்பதால் அதில் நிற்கும் தண்ணீராவது கொஞ்சம் ஆறியிருக்கும். இந்தச் சூட்சுமம் தெரியாமல் முதல் வாரம் முதுகு சிவக்கக் குளித்துவிட்டு, அறையில் உடன் தங்கியிருந்தவர்களின் கேலியை ஒரு மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடையிலிருந்து வெளியே கால் வைத்தால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும். நின்று துடைத்துவிட்டுத்தான் அடுத்த அடி. மத்தியானம் ஒரு மணிக்கு ஊரே கடையை அடைத்துவிட்டுப் படுத்துவிடும், நாலு மணிக்கு எழுந்திருக்கும். இதெல்லாம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்ற திமிரும் எனக்கு வந்துவிட்டது.

மூன்றாம் கோடையில், ஜூன் மாதம், என் மனைவி நாலு மாதக் குழந்தையோடு வந்து இறங்கினாள். மகளை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. விமான நிலையத்தில் அவளை என் கையில் கொடுத்தபோது மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. தலைக்குக் கம்பளிக் குல்லா, காலுக்குச் சாக்ஸ், இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் ஒரு சால்வை. எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. எங்கள் மலையில் குழந்தை வளர்ப்பது என்றால் மூடி வைப்பதுதான். காற்றுப் பட்டால் சளி பிடிக்கும், சளி பிடித்தால் நெஞ்சு கட்டும். இதில் ஊரில் யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

அவர்கள் வருகிறார்கள் என்று நான் எடுத்திருந்தது சமையலறையோடு சேர்ந்த ஒற்றை அறை வீடு. ஜன்னலில் பொருத்தியிருந்த ஏசி நேராகக் கட்டிலைப் பார்த்துத்தான் வீசும். ஏசிக் காற்று பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்று தீர்ப்புச் சொல்லி அதை அணைத்து வைத்தவன் நான். “ஏனுங்க, கொஞ்ச நேரம் போடட்டுங்களா?” என்று மனைவி இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் வேண்டாம் என்றேன். நாங்கள் இருவரும் வேர்த்து வடிந்தோம். பிள்ளைக்காகக் கஷ்டப்படுகிறோம் என்ற பெருமை வேறு எனக்கு.

குழந்தை ஒரு வாரம் ஓயாமல் அழுதது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். தூக்கம் கெட்டு நான் எரிந்து விழுந்தேன். கழுத்து மடிப்பில் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது, பவுடர் போட்டோம். தொட்டால் உடம்பு சுட்டது. காய்ச்சல் என்று முடிவு கட்டி இன்னொரு சால்வையைச் சுற்றினோம். மலைக்காரன் புத்தி வேறு எப்படிப் போகும்?

எட்டாம் நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். வீடு அமைதியாக இருந்தது.

“இன்னிக்கு அழவே இல்லீங்க. காத்தாலயிருந்து சமத்தாத் தூங்கறா,” என்று மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. சாவகாசமாகச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டுக் குழந்தையைக் குனிந்து பார்த்தபோதுதான் உதடு காய்ந்திருப்பது கண்ணில் பட்டது. கூப்பிட்டேன். கண் பாதி திறந்து மூடிக்கொண்டது. கன்னத்தைத் தட்டினேன். சத்தமே இல்லை.

“ஏம்புள்ள, பால் குடிச்சாளா?”

“வாய வெக்க மாட்டேங்கறாளுங்க. தூங்கட்டும்னு விட்டுட்டேன்.”

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னேன். உச்சி வெயிலில் தெருவுக்கு ஓடி ஒரு டாக்சியைப் பிடித்தேன். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு ஆகாது என்று டிரைவரிடம் சொல்லி அதையும் அணைக்க வைத்தேன். வழி நெடுக மனைவியைத் திட்டினேன். “வீட்ல இருந்து என்னத்தப் பாத்துட்டு இருந்த? ஒரு புள்ளயப் பாத்துக்க முடியாதா?” அவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

கிளினிக்கில் இருந்த டாக்டர் அம்மா திருநெல்வேலிக்காரர். இரண்டு சால்வை, ஸ்வெட்டர், உள் ஸ்வெட்டர், சட்டை, குல்லா, சாக்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜை மேல் போட்டார். உச்சந்தலை குழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“பிள்ளை எப்பம்மா ஒண்ணுக்குப் போனா?”

என் மனைவி யோசித்தாள். “நேத்து சாயங்காலமுங்க.”

டாக்டரின் முகம் மாறியது. உப்புச் சர்க்கரைப் பொடியைத் தண்ணீரில் கரைத்தார். “இந்தத் தண்ணிய ஸ்பூன்ல கொடுத்துக்கிட்டே இருங்க. ஒரு மணி நேரம் பார்ப்பேன். பால் குடிக்கணும், ஒண்ணுக்குப் போகணும். இல்லன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன். நீங்க எந்த ஊரு?”

“கோத்தகிரிங்க,” என்றேன்.

“அதான் பார்த்தேன். வீட்டுல ஏசி இல்லையா?”

“இருக்குதுங்க.”

“பிறகு?”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பழியை அவளே ஏற்றுக்கொள்வாள் என்று எனக்குத் தெரிந்தது. வழியெல்லாம் அதற்குத்தானே அவளைத் தயார்படுத்திக்கொண்டு வந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நாந்தானுங்க அணைச்சு வெச்சேன். அவ போடலாம்னுதான் சொன்னா,” என்றேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குழந்தையை என் மடியில் போட்டு, ஸ்பூனையும் என் கையிலேயே கொடுத்தார். முதல் மடக்கு கடைவாயில் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. நாலாவதோ ஐந்தாவதோ தொண்டையில் இறங்கியது. ஒரு குழந்தை மூத்திரம் போக வேண்டும் என்று அன்றைக்கு நான் வேண்டிக்கொள்ளாத சாமி பாக்கியில்லை. கொஞ்ச நேரம் கழித்து மனைவி வாங்கி மார்பில் வைத்துப் பார்த்தாள். அரை மனதோடு குடித்தாள் மகள். திரும்ப என் மடிக்கு வந்தாள். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேன்ட் தொடையில் சூடாக நனைந்தது.

“ஒண்ணுக்குப் போயிட்டாளுங்க டாக்டர்,” என்றேன். நாலு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். டாக்டர் மறுபடி பார்த்து, இனி ஏசியைப் போட்டு மெல்லிய சட்டை மட்டும் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். நனைந்த பேன்ட்டோடுதான் டாக்சியில் திரும்பி வந்தேன். மடியில் குழந்தையைக் கண்ட டிரைவர் ஏசியை அணைக்கட்டுமா என்பது போலத் திரும்பிப் பார்த்தார். இன்னும் கூட்டி வைக்கச் சொன்னேன்.

வீட்டில் ஏசியைப் போட்டு, குழந்தையை ஒற்றைப் பருத்திச் சட்டையோடு கிடத்தினோம். உடம்பு ஆறியிருந்தது. கையைக் காலை விரித்துப் போட்டுத் தூங்கினாள். மகளின் கால் விரல்களை நான் நன்றாகப் பார்த்ததே அப்போதுதான்.

“வர்ற வழில பேசுனது தப்புதான் புள்ள,” என்றேன்.

“குல்லா போட்டது நாந்தானுங்களே,” என்றாள் அவள். குழந்தையின் சட்டையைச் சரிசெய்துவிட்டு, “ஆனா டாக்டர்கிட்ட நீங்க அப்படிச் சொல்லலைன்னா, அடுத்த பிளேன்ல ஊருக்குப் போயிருப்பேனுங்க,” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதற்குள் குழந்தை விழித்துக்கொண்டது. பசி. முகம் சிவக்க, கட்டிடமே அதிர வீறிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். மனைவி தூக்க ஓடினாள்.

“மத்தியானம் சத்தமே இல்லாமக் கெடந்தா. கொஞ்சம் அழட்டும், இரு புள்ள,” என்றேன்.

அவள் நின்றாள். இருவரும் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு அவள் குழந்தையைத் தூக்கிப் பால் கொடுத்தாள்.