வண்டி வளைவைத் தாண்டுவதற்குள்

நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவிப்புச் சொல்வது என் பிழைப்பு. கோயில் திருவிழா, கண் மருத்துவ முகாம், குழாய்த் தண்ணீர் நிற்கும் நாள், எதுவானாலும் சொல்வேன். முகம் பார்த்துப் பேசத்தான் எனக்கு வராது. பாதியிலேயே குரல் அடங்கிவிடும். மைக்கில் பேசும்போது எதிரே யாரும் இல்லை.

முதலில் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தேன். "நாளை காலை குழாயில் குடிநீர்" என்பது சாலை வளைவில் இருக்கும் வீட்டில் கேட்கும். "வராது" என்பதற்குள் வண்டி தாண்டிவிடும். அந்த வீட்டுப் பெண் மறுநாள் குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்திருக்கிறார். அடுத்த முறை வண்டியை மறித்தார்.

"ஏனுங்க, தலைய இங்க போட்டுட்டு வால அடுத்த ஊர்ல போடறீங்களே. கொடத்தையெல்லாம் உங்க ஊட்டு முன்னால கொண்டாந்து வெக்கட்டுங்களா?"

அன்றிலிருந்து முக்கியமானதை முன்னால் போட்டேன். "வராது தண்ணீர், நாளைக்கு." "உண்டு முகாம், ஞாயிற்றுக்கிழமை." கேட்கவும் எடுப்பாக இருந்தது.

அவர் கணவரை இழந்து தனியாக இருந்தார். நாற்பத்தெட்டு வயதில் நானும் தனி ஆள்தான். மூன்று வருடம் அந்த வளைவில் வண்டியை மெதுவாக்கினேன். அவர் வாசலுக்கு வந்து ஏதாவது கேலி சொல்வார். நான் சிரிப்பேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இந்தச் சித்திரையில், மலை மேல் காந்தலூரில் பூண்டு பயிர் செய்யும் அவருடைய அண்ணன், தன்னோடு வந்து இருக்கச் சொல்லி பிக்கப் வண்டி அனுப்பிவிட்டார். கேள்விப்பட்டதும் போனேன். போக வேண்டாம் என்று அன்றாவது சொல்லிவிட வேண்டும்.

மைக்கை அணைத்துவிட்டு இறங்கினேன். "நீங்க இங்கயே..." என்று ஆரம்பித்தேன். வழக்கம்போல் பாதியில் குரல் அடங்கிவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன்.

"போவாதீங்க. நீங்க. இங்கிருந்து."

அவர் கேலி செய்யவில்லை. பிக்கப்பைத் திரும்பிப் பார்த்தார். "ஏத்தியாச்சுங்களே, சாமானெல்லாம்" என்றார். பிறகு, "ஒரு வாரம் முன்னால சொல்லியிருந்தா அண்ணங்கிட்ட பேசியிருப்பனுங்க" என்றார்.

ஓட்டுநர் ஒற்றை ஆளாக வந்திருந்தார். கட்டில் ஆடாமலிருக்க மறுபக்கம் கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். பிடித்தேன். மலைப்பாதையில் அவிழாதபடி முடிச்சும் நானே போட்டேன்.